வெள்ளையடித்த சிலுவை

மார்ச் 26, புதன்

பெனிட்டாவுக்கு விசா வந்துவிட்டது. மத்தியானம் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அத்தானின் மெசேஜ். எட்டாம் அறைக் கிழவருக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். கிழவர் "யாரு செத்தா?" என்று கேட்டார். "யாரும் சாகல, என் பிள்ள வரப்போவுது" என்றேன். இங்கே எல்லோரும் பேசுவது இங்கிலீஷ்தான். ஆனால் என் காதில் அது நம்ம ஊர்ப் பேச்சாகத்தான் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன். நோட்டு என்னுடையது, கேட்பார் யார்.

இரண்டு வருஷம் எட்டு மாசம். இந்த முதியோர் இல்லத்து நர்ஸ் வேலைக்கு நான் விமானம் ஏறியபோது அவளுக்கு ஏழு வயது. இப்போது பத்து. ஏப்ரல் 22-க்கு அத்தான் டிக்கெட் போட்டுவிட்டார். பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை உதறிவிட்டு அவர் வர இன்னும் ஒரு வருஷம் ஆகும். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி லண்டனுக்கு வருகிறாள், அவளோடு பிள்ளை வரும்.

உடனே போன் போட்டேன். பெனிட்டா தூங்கிவிட்டாளாம். அங்கே மணி ஏழு. பரீட்சைக் களைப்பாக இருக்கும்.

இனி என் பங்கு. ஜனவரியில் மனு போட்ட வாரம், ஆராதனை நடுவில் ஜன்னல் வழியே கல்லறைத் தோட்டத்துக் கல் சிலுவையைப் பார்த்து ஒரு பொருத்தனை பண்ணியிருந்தேன். "ஆண்டவரே, எம்பிள்ளைய எங்கிட்ட சேத்துரும். உம்ம சிலுவைய என் கையால கழுவி வெள்ளையடிக்கேன்." வேல்ஸ் நாட்டில் லான்டெவின் என்கிற இந்த ஊரில் மலை, ஆடு, மழை மூன்றும் போக மிச்சம் உள்ளது அந்தச் சிலுவைதான். என்னைப் போல ஒன்றரை ஆள் உயரம். ஆயிரம் வருஷத்துக் கல்லாம். உடம்பெல்லாம் சிக்குக் கோலம் போட்டதுபோல் வேலைப்பாடு, நடுவில் இரண்டு கையையும் தூக்கி நிற்கிற ஒரு சின்ன ஆள். எல்லாவற்றின் மேலும் சாம்பலும் மஞ்சளுமாகப் பாசி. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஈஸ்டருக்கு முன்னால் கல்லறைத் தோட்டம் முழுக்கக் கழுவி வெள்ளையடித்துப் பளிச்சென்று வைப்போம். இவர்கள் என்னடாவென்றால் ஆண்டவருடைய சிலுவையைப் பாசி பிடிக்க விட்டுவிட்டு, பன்னிரண்டு பேர் உள்ளே உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறார்கள். வந்த முதல் ஞாயிறே எனக்கு இது பொறுக்கவில்லை.

மார்ச் 29, சனி

எம்ரிஸ் வீட்டுக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிறவர், எழுபத்து நாலு வயது. அவர் மனைவி மெய்ர், நான் வந்த முதல் குளிரில் கம்பளிச் சட்டை பின்னித் தந்தவள், போன அக்டோபரில் இறந்துபோனாள். சிலுவைக்குப் பக்கத்தில் அடக்கம் பண்ண இடம் கேட்டார் மனுஷன். அந்தக் கல்லைச் சுற்றி மண்ணைத் தோண்டச் சட்டம் விடாதாம். சபைக் கமிட்டி மறுத்து, சுவரோரம் இடம் கொடுத்தது. அன்றைக்கு எல்லோருக்கும் நடுவில் நின்று, "அந்தக் கல்ல ஒருநா இல்லாட்டி ஒருநா சம்மட்டி எடுத்து ஒடைக்கேன் பாருங்க" என்று கத்தினார். துக்கத்தில் பேசின பேச்சு, பாவம்.

இன்றைக்குக் கொட்டகையில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"குருத்தோலை ஞாயிறுக்கு முன்னாடி கல்லறைக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிச்சிப் பூ வைக்கது எங்க அம்மா காலத்துப் பழக்கம். இப்ப ஒருத்தரும் செய்யதில்ல. நான் மெய்ருக்குச் செய்யப் போறேன்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்படியானால் இது இவர்களிடமும் உள்ள வழக்கம்தான், மறந்து தொலைத்திருக்கிறார்கள். எனக்கும் ஒரு வாளி தருவீர்களா என்று கேட்டேன். எதற்கு என்றார். கொல்லைச் சுவருக்கு என்றேன். பொருத்தனையைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாதென்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். சின்னப் பொய்தான், மன்னிப்பார்.

மார்ச் 31, திங்கள்

விவசாயச் சாமான் கடையில் கம்பி பிரஷ், ரப்பர் கையுறை, இன்னும் ஒரு கேன் வாங்கினேன். வீட்டுக்குப் போன். பெனிட்டா டியூஷன் போயிருக்கிறாளாம். அஞ்சாம் கிளாசுக்கு எதற்கு இத்தனை டியூஷன் என்று அத்தானைத் திட்டினேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

லீவு நாள். விடிந்ததும் போய் பதினோரு மணிக்குள் முடித்துவிட்டேன். நாலு மணி நேரத்தில் ஈ காக்கை வரவில்லை. கழுவக் கழுவ அந்தச் சின்ன ஆளுக்கு முகம் வந்தது. மூக்கு, இரண்டு கண், லேசாக ஒரு சிரிப்பு. பாசிக்குள் அத்தனை காலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். பிறகு இரண்டு கோட் வெள்ளை. தள்ளி நின்று பார்த்தேன். முழங்கால் போட்டு அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

ஏப்ரல் 2, புதன்

கை எரிகிறது. கையுறையில் ஓட்டை. எட்டாம் அறைக்கு நாலு முறை படுக்கை மாற்றினோம்.

ஏப்ரல் 3, வியாழன்

மேனேஜர் வந்ததும் வராததுமாக, "சிலுவைய நாசம் பண்ணிட்டாங்க" என்றாள். "எந்தச் சிலுவை?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

டியூட்டி முடிந்து போய்ப் பார்த்தேன். மஞ்சள் நாடா கட்டியிருந்தது. போலீஸ் கார். எங்கள் பக்கத்தில் சபைக் குருவை ஐயர் என்போம், அதனால் இவரை நான் ஹியூ ஐயர் என்றுதான் சொல்வது. அவர் ஈரப் புல்லில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"முந்நூறு வருஷமா வளந்த பாசி, பியூலா. அது கல்லுக்குத் தோலு. உரிச்சிட்டானுவ. கம்பி பிரஷ் போட்டுத் தேச்சிருக்கான், கோடு கோடாத் தெரியுது. எந்தப் படுபாவியோ."

அவர் கண்ணில் தண்ணீர். நான் என் பாட்டிலை நீட்டினேன், குடித்தார். நெரிஸ் என்கிற போலீஸ்காரப் பெண் என்னிடம் வந்து, செவ்வாய்க்கிழமை யாரையாவது பார்த்தாயா என்று கேட்டாள். யாரையும் பார்க்கவில்லை என்றேன். அது பொய்யில்லை. ஒருவரும் வரவில்லையே.

பாசிக்கு அழுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆயிரம் வருஷமாக ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற ஆளில்லை, இப்போது ஊரே திரண்டு நிற்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

தூக்கமில்லை. நெரிஸ் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அது நாட்டுச் சொத்துப் பட்டியலில் உள்ள கல். எழுத்தில் அனுமதி இல்லாமல் தொட்டாலே கேஸ். கேஸ் என்று வந்தால் என் நர்ஸ் பதிவு போகும். பதிவு போனால் வேலை போகும், வேலை போனால் விசா போகும். என் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் பெனிட்டாவின் விசா நிற்கிறது.

எனக்கு எப்படித் தெரியும்? யாராவது ஒரு போர்டு வைத்திருக்கலாம். புல்லில் நடக்காதே என்று ஒரு போர்டு இருக்கிறது, கல்லைக் கழுவாதே என்று இல்லை.

நாளைக்கு ஐயரிடம் போய்ச் சொல்லலாம்.

ஏப்ரல் 5, சனி

டபுள் டியூட்டி. நேரமில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோயிலில் பாட்டைவிட முணுமுணுப்புதான் அதிகம். எல்லோர் வாயிலும் ஒரே பெயர். சம்மட்டி எடுப்பேன் என்று கத்தியவர் யார்? சுண்ணாம்பு வைத்திருப்பவர் யார்? எம்ரிஸ் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்துப் பெஞ்சில்கூட ஒருவரும் உட்காரவில்லை. நானும் என் வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்தேன்.

வெளியே வந்ததும் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கொல்லச் சுவரு எப்படி இருக்கு? நல்லா வெள்ளையாச்சா?"

"ஆச்சு" என்றேன்.

"ரெண்டு கோட்டா?"

"ரெண்டு கோட்டு."

என் கையைப் பார்த்தார். தோல் உரிந்திருக்கிறது. நான் பைக்குள் விட்டுக்கொண்டேன். "சரி, மழைக்கு முன்னாடி வீட்டுக்குப் போ" என்றுவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார். சுவரைப் பற்றி ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. சும்மா விசாரித்திருப்பார். வயதானவர்கள் அப்படித்தான், ஒன்றையே கேட்பார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

போலீஸ் எம்ரிஸ் கொட்டகையைச் சோதனை போட்டு சுண்ணாம்பு வாளி, பிரஷ் எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டதாம். மேனேஜர் சொன்னாள். அந்த வாளியில் பாதி எங்கே போயிற்று என்று அவரிடம் கேட்காமலா இருப்பார்கள்? சாயங்காலம் வரை ஒவ்வொரு முறை காலிங் பெல் அடிக்கும்போதும் நெரிஸ்தான் என்று நினைத்தேன். ரொட்டிக்காரன், டாக்டர், எட்டாம் அறைக் கிழவரின் மகள். நெரிஸ் வரவில்லை.

பெனிட்டாவுக்குத் தலைவலியாம்.

ஏப்ரல் 9, புதன்

எம்ரிஸ் ஒத்துக்கொண்டுவிட்டார். தானே செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வயதைப் பார்த்து ஜெயிலுக்கெல்லாம் போக வேண்டியிருக்காது என்கிறார்கள். முடிவு வரும்வரை கல்லறைத் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

என் நெஞ்சு லேசாகிவிட்டது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் லேசாகிவிட்டது.

ஏப்ரல் 10, வியாழன்

கோழிக்குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு எம்ரிஸ் வீட்டுக்குப் போனேன். காரத்தைக் குறைத்துத்தான் வைத்தேன், ஆனாலும் மூக்கைச் சிந்திக்கொண்டே சாப்பிட்டார். நான் எதிரே உட்கார்ந்து மேஜை விரிப்பின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"எப்படி?"

"நீங்க செய்யலைன்னு உங்களுக்குத் தெரியும்லா."

கரண்டியை வைத்தார். "யாரு செஞ்சான்னும் தெரியும். ஒன்ன மாதிரி நாலு பேரு கோயிலுக்கு இருந்தா இது இன்னும் ஆயிரம் வருஷம் நிக்கும், இல்லாட்டி ஒரே வாரத்துல உளுந்துரும்." சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "பிள்ளையக் கூப்பிடணும்னு நீ சொல்லிக்கிட்டிருந்தப்பவே மெய்ர் ஒரு சட்ட பின்ன ஆரம்பிச்சா. கையி ஒண்ணு பாக்கி. எழுபத்து நாலு வயசுல என்னைய என்ன செய்வாங்க? ஒன்னன்னா பிளேன்ல ஏத்திருவாங்க. வாய மூடிக்கிட்டு இரு."

"சுண்ணாம்புதான, கழுவினா போயிரும்" என்றும் சொன்னார்.

நான் ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பெனிட்டாவின் அறைக்கு மஞ்சள் திரை தைத்து மாட்டினேன். சரியாக வந்திருக்கிறது.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லோரும் அவரவர் கல்லறைக்குப் பூ வைக்கப் போனார்கள். டாஃபடில் என்கிற மஞ்சள் பூ, வாளி வாளியாக. மெய்ரின் கல்லறை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. வெள்ளையும் இல்லை, பூவும் இல்லை. தலையைத் தூக்கினால், சுவருக்கு அந்தப் பக்கம் ரோட்டில் எம்ரிஸ் நிற்கிறார். கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூ. கையில் பூங்கொத்து. உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. கடந்து போனவர்கள் ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. ஒருத்தி தன் பிள்ளையின் தலையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினாள்.

நான் போய்ப் பூவை வாங்கி மெய்ருக்கு வைத்தேன். "வலப்பக்கம் கொஞ்சம் சரிச்சி வை" என்று ரோட்டிலிருந்து சொன்னார். சரித்து வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து கார்டிஃபிலிருந்து வந்த கல் நிபுணர் மிஸ் ஹேவார்ட் சுவரோரம் வந்தார். வளர்ந்து ஒல்லியான பெண், மரியாதையாகப் பேசுகிறவர். செவ்வாய்க்கிழமை நீராவி அடித்துச் சுண்ணாம்பை எடுக்கப் போகிறார்களாம். இன்னும் நாள் போனால் இறுகிவிடும்.

"ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுதியாச் சொல்லுங்க" என்றார் எம்ரிஸிடம். "அடியில வேற எதும் போட்டீங்களா? ப்ளீச், ஆசிட், எதுனாலும். சும்மா சுண்ணாம்புன்னா நீராவி போதும். ஆசிட் பட்ட கல்லுன்னா நீராவி அத உள்ள தள்ளிரும். ஒரு வாரத்துல அந்த முகம் பொருக்காட்டம் உதிந்துரும், திரும்ப ஒட்ட வைக்க முடியாது."

"சுண்ணாம்பு மட்டுந்தான்" என்றார் எம்ரிஸ்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

எழுதித்தான் ஆக வேண்டும். அந்தக் கேனில் இருந்தது ஆசிட். செங்கல் கழுவுகிற ஆசிட். நம்ம ஊரில் கல்லறைக் கல்லில் கறை போகாவிட்டால் அதைத்தான் ஊற்றுவோம், நுரைத்து வரும், தேய்த்தால் புதுக் கல் மாதிரி ஆகிவிடும். பாசி பிரஷுக்கு அசையவில்லை, அதனால் ஊற்றினேன். முகத்தில்தான் அதிகம் ஊற்றினேன். எம்ரிஸுக்கு இது தெரியாது. நான் சொல்லவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நாலடியில் நின்றுகொண்டு நான் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் திட்டினார். நான் இருக்கிற இடத்தில் சும்மா இருக்க மாட்டேன், எதையாவது தேய்த்துக்கொண்டே இருப்பேன், கல்யாணமான அன்றைக்கே அவர் அம்மா சொன்னார்களாம். பிறகு குரலைத் தணித்தார்.

"ஏட்டி, அந்த மனுஷன் தானா ஒத்துக்கிட்டாரு. நீ சொல்லச் சொல்லல. முடிஞ்சி போச்சி, விடு."

"மூஞ்சி உதிந்துரும்னு அந்தம்மா சொல்லுது அத்தான்."

"யாரு மூஞ்சி?"

"கல்லுல உள்ள ஆளு."

"கல்லு மூஞ்சிக்காவ உன் பிள்ள மூஞ்சியப் பாக்காம இருக்கப் போறியா?"

"கல்லு மட்டும் இல்ல. உதிந்துச்சின்னா அவருதான் பொய் சொல்லிக் கெடுத்தாருன்னு வரும். நேத்தே ரோட்டுல நிக்காரு அத்தான், டை கட்டிக்கிட்டு. பொண்டாட்டி கல்லறைக்குள்ள போவ முடியாம. அப்புறம் சாவுத வரைக்கும் உள்ள விட மாட்டாவ" என்றேன்.

அத்தான், "நாளைக்கு டியூட்டிக்குப் போ. வேற எங்கயும் போவாத" என்றார்.

பெனிட்டாவைக் கூப்பிடச் சொன்னேன். விளையாடப் போயிருக்கிறாளாம். பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. "நான் இல்லன்னு சொல்லுங்கப்பா" என்பது போல. லைன் சரியில்லை. டிவியாக இருக்கும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலை ஏழரைக்கு டியூட்டி ஆரம்பித்தேன். மருந்து கொடுத்தேன். எட்டே முக்காலுக்கு ஜன்னல் வழியே நீராவி இயந்திரம் ஏற்றிய வேன் மேலே போவது தெரிந்தது. எட்டாம் அறைக் கிழவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணைப் பார்த்தேன், எழுதினேன், உடனே மறந்துவிட்டது. மறுபடி பார்த்தேன். கிழவர் "எனக்கா ஒனக்கா பிரஷர்?" என்றார்.

மேனேஜரிடம் பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஓடினேன். மேடு. யூனிஃபார்மோடு, அந்தக் குளிரில். மனதுக்குள் ஜெபம் ஒன்றும் வரவில்லை, "வச்சிராத, வச்சிராத" என்று அந்த இயந்திரக்காரனிடம்தான் கெஞ்சிக்கொண்டு போனேன். வாசலில் ஹியூ ஐயர், நெரிஸ், கமிட்டிக்காரர்கள். வழக்கம்போல் சுவருக்கு வெளியே எம்ரிஸ். சிலுவையைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தது. ஒருவன் குழாயைத் தூக்கிப் பிடித்திருந்தான், நுனியில் புகை வந்துகொண்டிருந்தது. மிஸ் ஹேவார்ட் அவனுக்கு எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று விரலால் காட்டினார். முகத்தை.

"ஆசிட் இருக்கு" என்று கத்தினேன். தமிழில் கத்தியிருக்கிறேன். யாருக்கும் புரியவில்லை. பிறகு இங்கிலீஷில் சொன்னேன். "சுண்ணாம்புக்கு அடியில ஆசிட் இருக்கு. நாந்தான் ஊத்தினேன். அவரு இல்ல, எல்லாத்தையும் நாந்தான் செஞ்சேன்."

மிஸ் ஹேவார்ட் கையைத் தூக்கினார். குழாயை அணைத்தார்கள். என்ன ஆசிட், எவ்வளவு, எத்தனை நிமிஷம் விட்டேன், தண்ணீர் ஊற்றிக் கழுவினேனா என்று அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். திட்டவில்லை. "நல்ல வேள சொன்னீங்க" என்று மட்டும் சொன்னார்.

எம்ரிஸ்தான் திட்டினார். சுவரில் கையை ஊன்றி, முகம் சிவந்து, "முட்டாப் பிள்ள, எல்லாத்தையும் முடிச்சி வச்சிருந்தேனே. நான் ஒத்துக்கிட்டது ஒனக்குப் பத்தலியா?" என்றார்.

"ஆசிட்டப் பத்தி உங்ககிட்ட நான் சொல்லலையே" என்றேன். அவர் சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

ஹியூ ஐயர் என் பக்கத்தில் வந்தார். ஏன் என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பொருத்தனையைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சின்னப் பிள்ளை கதை போல இருந்தது. அவர் அந்த வெள்ளைக் கல்லைப் பார்த்தார். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே பியூலா" என்றார்.

ஏப்ரல் 16, புதன்

நெரிஸ் இரண்டு மணி நேரம் வாக்குமூலம் எடுத்தாள். அறிக்கை மேலே போகும். கேஸ் போடுவதா, எச்சரித்து விடுவதா என்று முடிவு வரச் சில வாரம் ஆகும். முதலில் பொய் சொன்னது எனக்கு எதிராக நிற்கும், தானாக வந்து சொன்னது எனக்குச் சாதகமாக நிற்கும் என்றாள். எது கனமாக இருக்கும் என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை என்றாள்.

மேனேஜர் அழுதுவிட்டாள். அதுவரை வேலை செய்யலாம், ஆனால் விசா அலுவலகத்துக்கு அவள் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதிவிட்டாள்.

சிலுவைக்கு நனைத்த காகிதக் கூழை அப்பி, துணி சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். ஆசிட்டை மெதுவாக வெளியே இழுக்குமாம். மூக்கு போகும், கண் நிற்கலாம் என்கிறார் மிஸ் ஹேவார்ட்.

எம்ரிஸை உள்ளே விட்டுவிட்டார்கள். சாயங்காலம் மெய்ர் கல்லறையில் ரொம்ப நேரம் நின்றார். நான் டியூட்டி முடிந்து அந்த வழியாகத்தான் வந்தேன். என்னைப் பார்க்காமல் போய்விட்டார். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அத்தானுக்கு மெசேஜ் அனுப்பினேன். படித்துவிட்டார். பதில் இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

பதில் இல்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மத்தியானம் அத்தான் கூப்பிட்டார். கோபமெல்லாம் வடிந்து, களைத்த குரல். டிக்கெட்டை இன்றைக்குள் ரத்து செய்ய வேண்டுமாம். "வந்து பள்ளிக்கூடத்துல சேந்து, ரெண்டு மாசத்துல திருப்பி அனுப்பிட்டான்னா பிள்ள என்னத்துக்கு ஆவும்? இங்க இருந்து பிடுங்கி அங்க நட்டு, அங்க இருந்து பிடுங்கி இங்க நடவா? நீயே சொல்லு, என்ன செய்ய?" என்றார்.

அவர் சொல்வது நியாயம். ரத்து செய்யுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போனை யாரோ பிடுங்கும் சத்தம்.

"உன்ன போலீஸ் பிடிச்சாச்சா?"

பெனிட்டா. குரல் மாறியிருக்கிறது, கனத்திருக்கிறது. அவளாகப் போனை எடுத்து எத்தனையோ மாசம் ஆகிறது. தூக்கம், டியூஷன், தலைவலி என்று எழுதிவைத்ததெல்லாம் சாக்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவளுக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லை.

"பிடிக்கல பெனி. கேட்டாவ, சொன்னேன்."

"தெரியாதுன்னு பொய் சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லிருக்கலாம். மொதல்ல சொன்னேன். அப்புறம் முடியல."



"ஏர்போர்ட்ல வச்சி என்கிட்ட மூணு மாசத்துல கூப்பிட்டுக்கிடுதேன்னு சொன்னல்லா? அது பொய்தான?"

மூன்று மாசத்தில் நடக்காது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, விமானத்துக்கு நேரமாகிவிட்டது, அதனால் சொன்னேன். இந்த இரண்டு வருஷம் எட்டு மாசத்தில் அதை நான் ஒரு நாள்கூட இந்த நோட்டில் எழுதியதில்லை.

"ஆமா பெனி. பொய்தான்" என்றேன்.

"இப்ப வந்தா எத்தன மாசம் அங்க இருக்க விடுவாங்க?"

"தெரியாது. ரெண்டு மாசமா இருக்கலாம். ரெண்டு வருஷமாவும் இருக்கலாம்."

"நெசமாவே தெரியாதா?"

"நெசமாவே தெரியாது."

பின்னால் அத்தான் ஏதோ சொன்னார். அவள் "சும்மா இருங்கப்பா" என்று அதட்டினாள், என்னை மாதிரியே.

"அப்போ வாரேன்" என்றாள்.

அழுதுவிட்டேன். அவள் போனை வைக்காமல் இருந்தாள். அழுது முடித்து, அத்தானிடம் கொடுக்கச் சொல்லி, டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம் என்று சொன்னேன்.